கலைச்செல்வி அவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மூன்று வரிக்கு மேல் ஓடவில்லை

தேவகோட்டை டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். பள்ளி ஆண்டு மலருக்காக விஞ்ஞானி நல்லதம்பி கலைச்செல்வி அவர்களைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை எழுதித் தருவதாகத் தலைமையாசிரியரிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். நம் காரைக்குடியில் பல ஆண்டுகள் பணியாற்றியவர் ஆயிற்றே, செய்திகளுக்கா பஞ்சம் என்று நினைத்தேன். தேடிப் பார்த்தால் எல்லா இடத்திலும் திரும்பத் திரும்ப அதே மூன்று வரிகள்தான் இருக்கின்றன: திருநெல்வேலிச் சீமையின் அம்பாசமுத்திரத்துக்காரர், பள்ளிப்படிப்பு முழுவதும் தமிழ் வழி; 2019 பிப்ரவரியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் பெண் இயக்குநர்; 2022 ஆகஸ்டில் சி.எஸ்.ஐ.ஆர். என்னும் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் முதல் பெண் தலைமை இயக்குநர். இந்த மூன்றையும் கரும்பலகையில் எழுதி முடித்தபோது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "அதெல்லாம் சரிங்க டீச்சர், அவங்க என்ன வேலை செஞ்சாங்க?" என்று கேட்டாள். "பேட்டரி ஆராய்ச்சி" என்று சொல்லி உட்கார வைத்தேன். அந்தப் பதில் எனக்கே திருப்தியாக இல்லை. மின்முனைப் பொருள் ஆராய்ச்சி என்றால் அன்றாடம் அந்த மனிதர் எதைக் கையில் எடுத்து என்ன செய்கிறார் என்பதை விவரம் தெரிந்தவர்கள் எனக்குப் புரியும்படி சொல்ல வேண்டும்.

செஞ்சை வாசி:

டீச்சர், முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆளைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை ஒரே சொல்லில் கடந்துவிடுகிறார்கள். நீங்கள் சொன்ன மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் சி.எஸ்.ஐ.ஆர். மன்றத்தின் ஆய்வகங்களில் ஒன்று, ஆங்கிலச் சுருக்கத்தில் சிக்ரி. காரைக்குடியில் எந்த ஆட்டோக்காரரிடமும் "சிக்ரி" என்று சொன்னால் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் அவரும் விழிப்பார், இறங்குகிறவரும் விழிப்பார். கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் இந்த வறண்ட பூமிக்கு ஒரு தேசிய ஆய்வகம் வந்தது. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில், அப்போது குடியரசுத் துணைத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். துருப்பிடித்தல், முலாம் பூசுதல், மின்கலம், மின்னாற்பகுப்பு ஆகிய எல்லாமே அங்கே ஆராயப்படுகின்றன. மண்டபத்தின் கடற்கரையில் உலோகத் தகடுகளை உப்புக்காற்றில் வைத்து அவை எப்படி அரிக்கப்படுகின்றன என்று ஆண்டுக்கணக்கில் பார்ப்பவர்களும் இவர்கள்தாம்.

கலைச்செல்வி அம்மையார் சி.எஸ்.ஐ.ஆர். மன்றத்தில் தொடக்கநிலை விஞ்ஞானியாகச் சேர்ந்தவர். வெளியிலிருந்து கொண்டுவந்து நாற்காலியில் அமர்த்தப்பட்டவராக இல்லாமல், அதே வளாகத்தில் படிப்படியாக மேலே வந்தவர் என்பதை உங்கள் கட்டுரையில் அழுத்திச் சொல்லுங்கள். சின்ன ஊரிலேயே இருந்துகொண்டு 25 ஆண்டுகளுக்கு மேல் ஒரே துறையை விடாமல் பிடித்திருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

உலைக்கரண்டி:

டீச்சர் அம்மா, நான் வேறோர் ஊரில், பெயர் வேண்டாம், ஓர் ஆய்வகத்தில் மின்முனைப் பொருள்களோடு ஆறு ஆண்டுகள் மல்லுக்கட்டியவன். கலைச்செல்வி அம்மாவிடம் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் இந்தத் துறையில் எவருடைய நாளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கழியும் என்பதால், அந்த நாளைச் சொல்கிறேன்.

கைபேசிக்குள் இருக்கும் லித்தியம் அயனி மின்கலத்தில் இரண்டு மின்முனைகள் உண்டு. ஒன்று உலோக ஆக்சைடு, மற்றொன்று பெரும்பாலும் கிராஃபைட். மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடை விட்டு வெளியேறி, கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு நடுவில் போய் ஒதுங்கிக்கொள்கின்றன. நாம் கைபேசியைப் பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. கிராஃபைட் 6 கரிம அணுக்களுக்கு 1 லித்தியம் அணுவைத்தான் ஏற்கும். அதைக் கணக்கிட்டால் ஒரு கிராம் கிராஃபைட்டுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி (எவ்வளவு மின்னூட்டத்தைத் தேக்க முடியும் என்பதன் அளவு) என்ற வரம்பு வருகிறது. என்ன வித்தை செய்தாலும் கிராஃபைட்டில் அதைத் தாண்ட முடியாது. வேறு பொருள் தேடுகிறவர்கள் தேடுவது இப்படிப்பட்ட வரம்புகளைத் தாண்டத்தான்.

இனி வேலைக்கு வருவோம். ஆக்சைடு மின்முனை ஒன்றைச் செய்வதற்கு லித்தியம் கார்பனேட்டையும் மற்ற உலோக ஆக்சைடையும் எடைபோட்டு, அகேட் என்னும் கடினக் கல்லால் ஆன கல்வத்தில் மணிக்கணக்காக அரைக்க வேண்டும். சூட்டில் லித்தியம் கொஞ்சம் ஆவியாகிவிடும் என்பதால் கணக்குக்கு மேல் சில சதவீதம் கூட்டிப் போடுவோம். ஊறுகாய்க்கு உப்புப் போடுகிறவர் கை போல, அந்தக் கூடுதல் எவ்வளவு என்பது ஒவ்வோர் உலைக்கும் மாறும். பிறகு சூடு தாங்கும் கிண்ணமான அலுமினா மூசையில் இட்டு, 800 அல்லது 900 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சுட்டு, ஆறவிட்டு, மறுபடி அரைத்து, மறுபடி சுட வேண்டும். வந்த கறுப்புத் தூளை எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்தால் வேண்டிய படிகம் அமைந்ததா, வேண்டாத கலப்பு ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தெரியும். பாதி நாட்கள் கலப்புதான் தெரியும்.

அமைந்துவிட்டால், அந்தத் தூளோடு கரித்தூளும் பிசினும் கரைப்பானும் சேர்த்து, தோசைமாவுப் பதத்துக்குக் குழைத்து, அலுமினியத் தாளில் ஒரே கனத்தில் இழுத்துப் பூச வேண்டும். காய்ந்த பிறகு வட்டமாக வெட்டி, ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் கனத்த ரப்பர் கையுறை வழியாகக் கைகளை நுழைத்து, 20 மில்லிமீட்டர் அகலமும் 3.2 மில்லிமீட்டர் உயரமும் உள்ள காசு போன்ற கலமாக மூட வேண்டும். அந்தப் பெட்டிக்குள் ஈரப்பதம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். கையுறைக்குள் வியர்த்துக் கொட்டும். மூக்கு அரித்தால் சொறிய முடியாது.

அதற்கு மேல்தான் காத்திருப்பு. மெதுவாக ஏற்றிப் பார்க்க 10 மணி நேரம், இறக்க 10 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 100 சுற்றுக்கு 2,000 மணி நேரம், ஏறத்தாழ 83 நாட்கள். நான் ஒரு முறை 61ஆவது சுற்றில் இருந்தபோது இரவில் மின்சாரம் போயிற்று. மாற்று மின் ஏற்பாடும் கைகொடுக்கவில்லை. காலையில் வந்து பார்த்தால் திரையில் கோடு பாதியில் நின்றிருந்தது. அன்றே மறுபடி கல்வத்தை எடுத்தேன்.

அம்மாவின் பெயரில் 125க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளும் 6 காப்புரிமைகளும் இருப்பதாக அவர் தலைமை இயக்குநரான நாளில் செய்திகள் சொல்லின. உங்கள் மாணவி அந்த எண்ணை மேலே சொன்ன 83 நாட்களோடு சேர்த்துப் பார்க்கட்டும்.

ரஸ்தா:

உலைக்கரண்டி சொன்னது நன்றாக இருக்கிறது, ஆனாலும் ஓர் எச்சரிக்கை. ஆண்டு மலர்களில் "கண்டுபிடித்தார்" என்ற சொல்லைத் தண்ணீராகச் செலவழிக்கிறார்கள். லித்தியம் அயனி மின்கலத்தைக் கலைச்செல்வி கண்டுபிடித்தார் என்று நாளை ஒரு பிள்ளை மேடையில் பேசினால் அந்தப் பாவம் டீச்சரையே சேரும். கோபால்ட் ஆக்சைடு மின்முனையை 1980இல் குட்எனஃப் குழுவினர் வெளியிட்டார்கள். 1991இல் சோனி நிறுவனம் இந்த மின்கலத்தைக் கடைக்குக் கொண்டுவந்தது. 2019இல் குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. அதேபோல், 2018 ஜூனில் உள்நாட்டு லித்தியம் அயனி மின்கலத் தொழில்நுட்பத்தை ராசி என்ற நிறுவனத்துக்குக் கைமாற்ற ஒப்பந்தம் ஆனபோது, அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் என்று அரசுக் குறிப்பு சொன்னது கோபுகுமார் என்ற காரைக்குடி விஞ்ஞானியை. ஒரு வளாகத்தில் பலர் செய்த வேலையை ஒருவர் தலையில் கிரீடமாகச் சூட்டுவது அவருக்கே மரியாதை ஆகாது. "முதல் பெண்" என்ற அடைமொழியையும் நான் விட்டுவிடச் சொல்வேன்; வேலையைப் பேசும்போது பாலினம் எதற்கு?

பள்ளத்தூர் ஆச்சி:

ரஸ்தா தம்பி, முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன், இரண்டாம் பாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். 1953இல் திறந்த நிறுவனத்துக்கு 2019இல் ஒரு பெண் இயக்குநர் வருகிறார். இடையில் 66 ஆண்டு. 1942இல் தொடங்கிய மன்றத்துக்கு 2022இல் ஒரு பெண் தலைமைக்கு வருகிறார். இடையில் 80 ஆண்டு. இதைப் புகழ்ச்சியாக எழுதினால்தான் தவறு, கணக்காக எழுதலாம். அந்த 66 ஆண்டுகளில் என் போன்றவர்கள் எங்கே இருந்தோம் என்று யாராவது கேட்க வேண்டும் அல்லவா? நான் வேதியியலில் பட்டம் வாங்கியவள். மேலே படிக்க இடம் கிடைத்த அதே மாதத்தில் எனக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். கடிதத்தை அலமாரியில் வைத்தேன், பிறகு வீட்டை வெள்ளையடித்தபோது எங்கேயோ போய்விட்டது. எங்கள் ஆயா காலத்தில் ஆண்கள் பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிற்கப் போயிருந்தபோது, வளவு வீட்டின் பத்துப் பதினைந்து அறைகளையும் வரவு செலவையும் கட்டியாண்டவர்கள் பெண்கள். ஆளும் திறமை இல்லாமல் இருந்ததில்லை, நாற்காலி இல்லாமல் இருந்தது.

டீச்சர் அம்மா, அந்த இரண்டு எண்களையும் ஒரே வரியில் போட்டுவிட்டு மேலே போங்கள். விளக்கம் வேண்டாம், பிள்ளைகள் கழித்துப் பார்த்துக்கொள்வார்கள்.

உலைக்கரண்டி:

ஆச்சி சொன்னதோடு ஒருவரைச் சேர்க்கத் தோன்றுகிறது. மேலே கிராஃபைட் அடுக்குகளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அந்த அடுக்குகளுக்கு நடுவில் அந்நிய அணுக்கள் புகுந்தால் என்ன ஆகும் என்று 1970களிலிருந்து முறையாக ஆராய்ந்தவர்களில் முன்னணியில் நின்றவர் ஒரு பெண், மில்ட்ரெட் டிரெசல்ஹாஸ். 1930இல் நியூயார்க்கில் ஏழைப் புலம்பெயர் குடும்பத்தில் பிறந்தார். ஹண்டர் கல்லூரியில் அவருக்குப் பாடம் நடத்திய ரோசலின் யாலோ, பிற்பாடு 1977இல் நோபல் பரிசு பெற்றவர், இயற்பியலுக்குப் போ என்று தள்ளிவிட்டார். 1958இல் சிகாகோவில் முனைவர் பட்டம். 1960இல் எம்.ஐ.டி. என்னும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த லிங்கன் ஆய்வகத்தில் வேலை. அங்கே காலை 8 மணிக்கு வந்தாக வேண்டும் என்பது விதி. வீட்டில் நான்கு குழந்தைகள். கொஞ்சம் தாமதமாக வருவதைப் பற்றிக் கேள்வி எழுப்பியவர்கள் எல்லாரும் ஆண்கள். 1967இல் எம்.ஐ.டி.க்கு வருகைப் பேராசிரியராகப் போனார், மறு ஆண்டே நிரந்தரமானார், 1985இல் அந்த நிறுவனத்தின் மிக உயர்ந்த பேராசிரியர் பதவியைப் பெற்ற முதல் பெண்ணானார். கரிமத்தின் அரசி என்று அவரைச் சொல்வார்கள். 2017இல் காலமானார்.

ரஸ்தா அண்ணன் கேட்ட "பாலினம் எதற்கு" என்பதற்கு அந்த 8 மணி விதியைத்தான் பதிலாக வைப்பேன். உலையும் கிராஃபைட்டும் யார் என்று பார்ப்பதில்லை, வருகைப் பதிவேடு பார்க்கிறது.

ரஸ்தா:

சரி, வருகைப் பதிவேட்டுக்கு நான் பதில் சொல்ல முடியாது. ஆச்சியின் இரண்டு எண்களும் இருக்கட்டும்.

ஆத்தங்குடிக்காரன்:

இந்த இழையில் எனக்கு என்ன வேலை என்று நினைப்பீர்கள். நான் தரையில் பதிக்கும் ஓடு வார்க்கிறவன். உலைக்கரண்டி தம்பி எழுதியதைப் படித்தபோது எங்கள் பட்டறை ஞாபகம் வந்தது. கண்ணாடித் தட்டின் மேல் சட்டத்தை வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் அச்சின் அறைகளுக்குள் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டுவோம். மறுநாள் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிப் பல நாள் ஊறவிடுவோம். நெருப்பே கிடையாது. கண்ணாடியை எடுக்கும்போதுதான் முகம் தெரியும். பளபளப்பு கண்ணாடி தந்தது. தூவும் மணல் ஒரு பிடி கூடினால் ஓடு பிளக்கும், குறைந்தால் ஈரம் முகத்துக்கு ஏறிப் பூ கலங்கும். மூலப்பொருள் எல்லாருக்கும் ஒன்றுதான், செய்முறையில்தான் ஓடு ஓடாகிறது. இதைத்தான் அந்த அம்மாவும் வேறு மாவில் செய்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. தவறாக இருந்தால் திருத்துங்கள்.

உலைக்கரண்டி:

அண்ணே, திருத்த ஒன்றும் இல்லை. எங்கள் பேராசிரியர் ஒரு பருவம் முழுக்க நடத்தியது இது. இரும்புப் பாஸ்பேட் மின்முனை ஓர் உதாரணம்: மலிவானது, பாதுகாப்பானது, ஆனால் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. துகளை மிகப் பொடியாக்கி, ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய கரிமப் பூச்சு ஏற்றிய பிறகு அதே பொருள் பேருந்தை ஓட்டுகிறது. சேர்மம் மாறவில்லை.

தேவகோட்டை டீச்சர்:

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. ஒன்று, கலைச்செல்வி அவர்களின் ஆர்வங்களைப் பற்றிய குறிப்பில் "லித்தியத்துக்கு அப்பாற்பட்ட மின்கலங்கள்" என்றும், கழிவுகளிலிருந்து மின்முனை செய்வது பற்றியும் வருகிறது. அப்பால் என்றால் எதற்கு அப்பால், ஏன்? இரண்டு, சொல் சிக்கல். நாங்கள் வகுப்பில் ஆனோடை நேர்மின்முனை என்றும் கேதோடை எதிர்மின்முனை என்றும் சொல்லித் தருகிறோம். மின்கலத்தைப் பற்றிப் படித்தால் கிராஃபைட் பக்கத்தை ஆனோடு என்கிறார்கள், அதுவோ எதிர்முனை. பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள்.

உலைக்கரண்டி:

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனோடு என்பது ஆக்சிஜனேற்றம் நடக்கும் முனை, அவ்வளவுதான். மின்னாற்பகுப்பில் அது நேர்முனையாக இருக்கும், மின்சாரம் தரும் கலத்தில் எதிர்முனையாக இருக்கும். குறியை வைத்துத் தமிழ்ப்பெயர் சூட்டியதால் பாதி இடத்தில் தடுக்குகிறது. கட்டுரையில் ஆனோடு, கேதோடு என்றே எழுதுங்கள், அல்லது "கிராஃபைட் பக்கம்", "ஆக்சைடு பக்கம்" என்று எழுதுங்கள். ஒன்பதாம் வகுப்புக்கு அது போதும்.

முதல் கேள்விக்கு வருகிறேன். லித்தியம் எல்லா நாட்டு மண்ணிலும் கிடைப்பதில்லை. சோடியமோ தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலில் காய்கிறது. அப்படியென்றால் லித்தியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைப் போட்டால் ஆயிற்று என்று தோன்றும். சோடியம் அயனி பருமனில் பெரியது, கிராஃபைட் அடுக்குகளுக்குள் அது ஒழுங்காகக் குடியேறுவதில்லை. அதனால் அடுக்குகள் கலைந்து கிடக்கும் கடினக் கரிமம் என்ற வேறு வகை தேவைப்படுகிறது. தேங்காய்ச் சிரட்டை போன்ற தாவரக் கழிவுகளைக் காற்றுப் புகாமல் சுட்டு இத்தகைய கரிமத்தை உலகெங்கும் செய்து பார்க்கிறார்கள். கழிவிலிருந்து மின்முனை என்பதன் ஒரு வழி இது. இன்னொரு பாதை கந்தகம். அதன் கொள்ளளவு வரம்பு கிராமுக்கு 1,675 மில்லி ஆம்பியர் மணி, கிராஃபைட்டின் 372ஐ நினைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது வாய் ஊறும். ஆனால் கந்தகம் பாதி வழியில் கரைந்து எதிர்ப் பக்கத்துக்குப் போய்விடுகிறது, கலம் சில நூறு சுற்றுக்குள் களைத்துவிடுகிறது. ஒவ்வொரு நல்ல பொருளோடும் ஒரு கெட்ட குணம் கூடவே வரும். அந்தக் குணத்தை மட்டும் கழற்றப் பார்ப்பதிலேயே இந்தத் துறையில் ஆயுள் போகிறது.

செஞ்சை வாசி:

தமிழ் வழி பற்றியும் ஒரு சொல். பதவியேற்ற சமயத்தில் அவர் சொன்னதாக வந்தது, தமிழில் படித்ததால் கல்லூரியில் அறிவியல் கருத்துகளைப் பிடித்துக்கொள்ள முடிந்தது என்பது. தமிழில் படித்த "போதிலும்" உயர்ந்தார் என்று பலர் எழுதுகிறார்கள். அவர் சொன்னது அதற்கு நேர்மாறு. டீச்சர் அந்த "போதிலும்" கட்டுரைக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேவகோட்டை டீச்சர்:

நேற்றிரவு உட்கார்ந்து தொடக்கத்தை எழுதிவிட்டேன், தயங்காமல் திருத்துங்கள்:

"உங்கள் வீட்டுக் கைபேசியின் உள்ளே ஒரு கறுப்புத் தூள் இருக்கிறது. அந்தத் தூளைச் சுடவும் பூசவும் மாதக்கணக்கில் சோதிக்கவும் தெரிந்தவர்கள் உலகில் மிகச் சிலர். அவர்களில் ஒருவர் அம்பாசமுத்திரத்தில் தமிழ் வழியில் அறிவியல் கற்று, காரைக்குடியில் 25 ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தூளோடு வாழ்ந்து, இத்துறையின் வளர்ச்சிக்குப் பெரும் பங்காற்றிய நல்லதம்பி கலைச்செல்வி. 1953இல் திறக்கப்பட்ட அவருடைய ஆய்வகம் 2019இல் முதன்முறையாக ஒரு பெண்ணின் தலைமைக்கு வந்தது. 1942இல் தொடங்கிய மன்றம் 2022இல் வந்தது."

ரஸ்தா:

"மிகச் சிலர்" என்பது தவறு, சீனத்தில் மட்டுமே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். "நம் ஊர்ப்பக்கம் சிலர்" என்று எழுதலாம். "பெரும் பங்காற்றிய" என்பதையும் எடுத்துவிடுங்கள். அந்தச் சொல்லை எல்லாருக்கும் போட்டுப் போட்டு அதில் ஒன்றும் மிச்சமில்லை. கட்டுரைகளின் எண்ணையும் காப்புரிமைகளின் எண்ணையும் போடுங்கள். மற்றபடி குறை இல்லை.

பள்ளத்தூர் ஆச்சி:

"தூளோடு வாழ்ந்து" நன்றாக இருக்கிறது. அதை யார் சொன்னாலும் எடுக்காதீர்கள்.

தேவகோட்டை டீச்சர்:

இரண்டையும் மாற்றிவிட்டேன், தூளை விட்டுவைத்தேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அந்த மாணவி இப்போது "உலையை நேரில் பார்க்க முடியுமா டீச்சர்" என்று நச்சரிக்கிறாள். ஆய்வகத்துக்குள் அனுமதி வாங்க நாளாகும் போலிருக்கிறது.

ஆத்தங்குடிக்காரன்:

உலை இல்லை, தொட்டிதான் இருக்கிறது. பரவாயில்லை என்றால் பிள்ளைகளைப் பட்டறைக்குக் கூட்டி வாருங்கள் அம்மா, ஆளுக்கு ஓர் ஓடு வார்த்துப் பார்க்கட்டும். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று கூலி போடும் நாள், எனக்குக் கை ஓயாது.